இருட்டைக் கொண்டுவரும் விளக்கு

ரெனே மாக்ரித் வரைந்த 'ஒளியின் பேரரசு' ஓவியத்தை இணையத்தில் தேடி எடுத்து, அதன் மேல்பாதியைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு மாடி வீடு, அதற்கு முன்னால் ஒரு தெருவிளக்கு, மாடியில் வெளிச்சம் தெரியும் சன்னல்கள், பக்கத்தில் கருத்த மரங்கள். ஆள் நடமாட்டம் இல்லை. ஊர் அடங்கிவிட்ட ராத்திரி. வினோதமாக எதுவும் கிடையாது. இப்போது கையைக் கீழே இறக்கி மேல்பாதியை மட்டும் பாருங்கள். வெளிர்நீல வானம், பஞ்சு பஞ்சாக வெள்ளை மேகங்கள். காலை பத்து மணியாகவும் இருக்கலாம், பிற்பகல் இரண்டாகவும் இருக்கலாம். அதிலும் குறைசொல்ல எதுவும் இல்லை. கையை எடுத்துவிட்டால் பட்டப்பகலும் நடுராத்திரியும் ஒரே சட்டகத்துக்குள் நிற்கின்றன.

கனவில் வருவதுபோன்ற விசித்திரக் காட்சிகளை வரைந்த கலை இயக்கம் சர்ரியலிசம். அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு சால்வடோர் டாலியின் உருகி வழியும் கடிகாரங்கள்தான் கண்முன் வரும். 1931ல் வரைந்த அந்தப் படம் 24 சென்டிமீட்டருக்கு 33 சென்டிமீட்டர்தான். ஆனால் அந்த இயக்கத்தின் அடையாள அட்டையாகவே ஆகிவிட்டது. மாக்ரித்தும் அதே இயக்கத்துக்காரர்தான், ஆனால் அவருடைய இந்தப் படத்தில் எதுவும் உருகவில்லை, மிதக்கவில்லை, எந்த மிருகமும் வேறொன்றாக மாறவில்லை. வீடு வீடாகவே இருக்கிறது, மரம் மரமாகவே இருக்கிறது. வானத்தின் நேரமும் நிலத்தின் நேரமும் வேறு வேறு, அவ்வளவுதான் மாற்றம். வேடிக்கை என்னவென்றால், முதல்முறை பார்ப்பவர்களில் பலர் சில நொடிகளுக்கு அதைக் கவனிப்பதே இல்லை. அழகான மாலைக் காட்சி என்று நினைத்துக் கடந்துவிட்டுப் பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்கள். இவ்வளவு பெரிய முரண்பாட்டை நம் கண் ஏன் உடனே பிடிப்பதில்லை? ஓவியரின் சூட்சுமம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாக்ரித் பெல்ஜியத்துக்காரர். 1898ல் லெசீன் என்ற ஊரில் பிறந்தார். 1967 ஆகஸ்டில் பிரஸ்ஸல்ஸில் இறந்தார். 'ஒளியின் பேரரசு' என்பது ஒற்றை ஓவியம் இல்லை, ஒரு வரிசை. 1949ல் தொடங்கி, வாழ்நாளின் கடைசிவரை இதே காட்சிக்குத் திரும்பத் திரும்ப வந்தார். எண்ணெய்ச் சாயத்தில் 17, கவாஷ் என்னும் கெட்டியான நீர்ச்சாயத்தில் 10 என்று கணக்கு. ஒன்றில் வீடு தெருவோரத்தில் இருக்கும், இன்னொன்றில் தோப்புக்குள் இருக்கும். ஒன்று அகலவாக்கில், இன்னொன்று உயரவாக்கில். பகல் வானமும் தெருவிளக்கும் மட்டும் மாறுவதில்லை. பெயரைக் கொடுத்தவர் அவருடைய நண்பரும் கவிஞருமான போல் நூஜே. பிரஸ்ஸல்ஸ் சர்ரியலிஸ்டுகள் கூடிப்பேசி ஓவியங்களுக்குப் பெயர் வைப்பது வழக்கம்.

முதலில் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். பகல் வானத்தின் பிரகாசம், தெருவிளக்கின் வெளிச்சம் படும் ஒரு சுவரின் பிரகாசத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். வெயிலில் நின்றுவிட்டு இருட்டறைக்குள் போனால் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாமல் தடவுகிறோம். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். அதாவது, பகலுக்குப் பழகிய கண்ணும் இரவுக்குப் பழகிய கண்ணும் ஒருவரிடம் ஒரே சமயத்தில் இருக்க முடியாது. மாக்ரித்தின் படம் அந்த இரண்டு கண்களையும் நமக்கு ஒரேயடியாகக் கொடுத்துவிடுகிறது.

சாயத்தால் இதை எப்படிச் செய்ய முடிகிறது? சாயம் சொந்தமாக ஒளி வீசுவதில்லை. மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நல்ல வெள்ளை, தன்மேல் விழுவதில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கருப்பும் சில சதவீதமாவது திருப்பித்தான் அனுப்பும். ஆக, ஒரு கித்தானில் உள்ள மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருட்டான இடத்துக்கும் வித்தியாசம் சில பத்து மடங்குதான். நிஜ உலகின் ஆயிரக்கணக்கான மடங்கை இந்தச் சின்னப் பெட்டிக்குள் அடக்க வேண்டும். நிலக்காட்சி வரைகிற எல்லா ஓவியர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அவர்கள் சமாளிக்கும் வழி, படம் முழுவதற்கும் ஒரே நேரத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லாப் பிரகாசத்தையும் அதற்கு ஏற்றாற்போல் சுருக்குவது. மாக்ரித் மேலே ஒரு அளவுகோல், கீழே இன்னொரு அளவுகோல் என்று வைத்துக்கொண்டார். மேலே உள்ள மேகத்தின் வெள்ளையும் கீழே உள்ள விளக்கின் வெள்ளையும் ஒரே சாயப் பெட்டியிலிருந்து வந்தவை. சாயம் என்ற அளவில் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம். ஆனால் மேகத்தைப் பார்த்து வெயில் என்கிறோம், விளக்கைப் பார்த்து ராத்திரி என்கிறோம்.

இது அந்திநேரம்தானே, சூரியன் மறைந்த பிறகு வானம் வெளிச்சமாகவும் தெரு இருட்டாகவும் இருப்பது வழக்கம்தானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த அனுபவம் நமக்கு இருப்பதால்தான் படம் சட்டென்று நம்பும்படி இருக்கிறது. ஆனால் அந்திவானம் இப்படி இருக்காது. அதன் நீலம் ஆழமாக இருக்கும், அடிவானத்தில் செம்மை படர்ந்திருக்கும், தாழ்ந்த மேகங்கள் சாம்பலாகிப் போயிருக்கும். மாக்ரித்தின் மேகங்கள் உச்சிவெயிலில் மிதக்கும் வெள்ளை மேகங்கள். நரசிம்மர் இரணியனைக் கொல்லப் பகலும் இல்லாத இரவும் இல்லாத ஒரு சந்துப்பொழுதைத் தேடிக் கண்டுபிடித்தார். மாக்ரித் அந்தச் சந்துக்குள் போகவில்லை. பகலை முழுசாக வைத்தார், இரவையும் முழுசாக வைத்தார்.

அப்படியானால் இரண்டும் சந்திக்கும் இடம் எது? வேலை நுட்பமாக நடந்திருப்பது அங்கேதான். வானத்தையும் தெருவையும் வெட்டி ஒட்டியதுபோல் ஒரு கோட்டில் நிறுத்தியிருந்தால் பார்த்த நொடியிலேயே குட்டு உடைந்திருக்கும். மாக்ரித் இரண்டுக்கும் நடுவில் மரங்களை வைத்தார். உயரவாக்கில் உள்ள படங்களில் ஒரு பெரிய மரம் வீட்டையும் தாண்டி வானத்துக்குள் ஏறி நிற்கும். அதன் அடிப்பகுதி இரவில் இருக்கிறது, தலை பகலில் இருக்கிறது. ஆனால் மரம் முழுவதும் ஒரே கருநிழல்.

நடுப்பகலில்கூட, பிரகாசமான வானத்துக்கு எதிரே நிற்கும் மரத்தைப் பார்த்தால் அது கருப்பாகத்தான் தெரியும். வானத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தை வைத்துப் படமெடுத்தால் முன்னால் நிற்கும் ஆள் நிழலுருவாகிவிடுவது கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ராத்திரியிலும் மரம் கருப்புதான். காரணம் வேறு, பார்வைக்கு இரண்டும் ஒன்று. எதிரொளியால் வரும் கருப்பும் இரவால் வரும் கருப்பும் கித்தானில் ஒரே சாயம். மரத்தின் உச்சியில் கண் தொடங்கினால், பகலில் நிற்கும் மரம் என்று ஏற்றுக்கொண்டு கீழே இறங்குகிறது. இறங்கும் வழியில் எந்த இடத்தில் பகல் முடிந்து இரவு தொடங்கியது என்று சொல்லவே முடியாது. பகலிலும் பொருந்துகிற, இரவிலும் பொருந்துகிற ஒரே பொருளைத் தேடிப்பிடித்து அதையே கீலாகப் போட்டிருக்கிறார். கண் ஏமாறுவது அங்கேதான்.

இன்னொரு சோதனை செய்து பாருங்கள். இப்போது வானத்தையும் மரத்தையும் விட்டுவிட்டு, தெருவிளக்கையும் சன்னல் வெளிச்சத்தையும் மட்டும் விரலால் மறையுங்கள். இரவு காணாமல் போய்விடும். மிஞ்சுவது, வெளிச்சமான வானத்துக்கு எதிரே நிழலுருவாக நிற்கும் ஒரு வீடு, சில மரங்கள். கொஞ்சம் இருட்டடித்த பகல் காட்சி, அல்லது சாதாரண அந்தி. யாரும் சர்ரியலிசம் என்று சொல்லமாட்டார்கள். விரலை எடுங்கள், விளக்கு எரிகிறது, சுற்றியிருந்த கருமை முழுவதும் ராத்திரியாக மாறிவிடுகிறது. இந்தப் படத்தில் இருட்டைக் கொண்டுவருவது இருட்டுச் சாயம் இல்லை, விளக்கு. நம் அனுபவத்தில் தெருவிளக்கு எரிந்தால் அது ராத்திரி. சன்னலில் வெளிச்சம் தெரிந்தால் அது ராத்திரி. மாக்ரித் நம் பழக்கத்தை நம்பிப் படத்தின் பாதியை ஒப்படைத்திருக்கிறார். படத்தில் ஒளிகள் இரண்டு: மேலேயுள்ளது பகல் என்கிறது, கீழேயுள்ளது இரவு என்கிறது. இரண்டு ஒளிகளின் சண்டையில் இருட்டு நடுவில் சும்மா நிற்கிறது.

விளக்கை அவர் எரிய வைத்திருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். விளக்குக் கூண்டுக்குள் மிகச் சிறிய வெள்ளை. அதைச் சுற்றி மஞ்சள். சுவரில் மெல்ல மெல்ல மங்கிப் பழுப்பில் கரையும் ஒரு வட்டம். பிரகாசம் ஒரு மையத்திலிருந்து படிப்படியாகக் குறைந்தால், அந்த மையம் தானே ஒளி வீசுவதாக மூளை எடுத்துக்கொள்ளும். வானத்தில் அப்படிப்பட்ட மையம் இல்லை. சூரியன் படத்தில் எங்கும் கிடையாது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுகூடச் சொல்ல முடியாதபடி மேகங்கள் ஒரே சீராக இருக்கின்றன. அப்புறம் நிறம். படம் முழுவதும் நீலம், வெள்ளை, கருமை, கரும்பச்சை. சூடான நிறம் என்று இருப்பது விளக்கிலும் சன்னல்களிலும் மட்டும்தான். பரப்பளவில் பார்த்தால் மிகச் சின்ன இடம், ஆனால் கண் முதலில் போய் உட்காருவது அங்கேதான்.

1954ல் வரைந்த சிலவற்றில் வீட்டுக்கு முன்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதில் விளக்கின் பிம்பம் விழுகிறது. நீலவானத்தின் பளபளப்பு இல்லை. தாழ்வான கோணத்தில் பார்க்கும்போது தண்ணீரில் எதிர்க்கரையில் இருப்பவைதான் தெரியும் என்பதால் கணக்குக்கும் பெரிய தவறு இல்லை. தண்ணீர் வந்ததும் இரவின் பங்கு கூடிவிடுகிறது, ஒரு விளக்கு இரண்டாகிவிடுகிறது. இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவை இந்தத் தண்ணீர் உள்ள படங்கள்தான்.

ஐரோப்பிய ஓவியத்தில் ஒளிக்கும் இருளுக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கரவாஜியோவும் ரெம்ப்ராண்டும் ஜார்ஜ் த லா தூரும் இருட்டுக்குள்ளிருந்து முகங்களை வெளியே இழுத்தார்கள். அவர்களிடம் ஒளிக்கு ஒரு வேலை உண்டு: எது முக்கியமோ அதைக் காட்டுவது. ஒரு பக்கத்திலிருந்து வரும், எதன்மேல் விழுகிறதோ அதைப் பார் என்று சொல்லும். மாக்ரித்தின் விளக்கு எதைக் காட்டுகிறது? ஒரு சுவரையும் மூடிய கதவையும். அங்கே கதை எதுவும் நடக்கவில்லை. மேலேயிருக்கும் பகல் வெளிச்சம் அதைவிட மோசம். அவ்வளவு பிரகாசமாக இருந்துகொண்டு கீழே ஒரு இலையைக்கூட வெளிச்சப்படுத்தவில்லை.

இந்தத் துணிச்சலுக்கு அவருக்கு வழிகாட்டியவர் இத்தாலிய ஓவியர் ஜார்ஜியோ தெ கிரிக்கோ. அவர் 1914ல் வரைந்த 'காதல் பாடல்' ஓவியத்தின் அச்சுப் பிரதியை இளைஞராக இருந்தபோது பார்த்து மாக்ரித் கண்கலங்கினார். தெ கிரிக்கோவின் காலியான சதுக்கங்களிலும் ஒளி பொய் சொல்லும். சில படங்களில் கடிகாரம் மதியம் தாண்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருப்பதாகக் காட்டும். நிழல்களோ சூரியன் சாயும் வேளையின் நீளத்துக்கு விழுந்து கிடக்கும். நேரத்தைக் குழப்பினாலே போதும், பேய் பிசாசு எதுவும் வேண்டாம், பார்ப்பவருக்கு நிலைகொள்ளாமல் போகும் என்பதை மாக்ரித் அங்கே கற்றிருக்க வேண்டும்.

மாக்ரித்தே இதற்கு முன் ஒளியை வைத்து விளையாடியிருக்கிறார். 1933ல் வரைந்த 'தற்செயல்களின் ஒளி'யில் ஒரு மேசைமேல் மெழுகுவர்த்தி எரிகிறது. அதற்குப் பின்னால் சட்டமிட்ட ஒரு ஓவியம், அதற்குள் ஒரு பெண்ணின் உடற்சிலை. வெளியே எரியும் மெழுகுவர்த்தியின் ஒளி, ஓவியத்துக்குள் இருக்கும் சிலைமேல் விழுந்து நிழலும் போடுகிறது. எது படம், எது அறை என்ற எல்லையை ஒரு வெளிச்சம் அழித்துவிடுகிறது. 1956ல் 'செப்டம்பர் பதினாறு' என்று ஒன்று: அந்தி இருட்டில் ஒரு பெரிய மரம், அதன் பின்னால் மறைய வேண்டிய பிறைநிலா இலைகளுக்கு முன்னால் வந்து நிற்கிறது. எல்லாவற்றிலும் பொருள்கள் நமக்குத் தெரிந்தவைதான். ஒளி மட்டும் வரக்கூடாத இடத்துக்கு வந்துவிடுகிறது.

'ஒளியின் பேரரசு' தோன்றிய காலத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயம் சுவையாக இருக்கிறது. 1940 மே மாதம் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தது. அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943 வாக்கில், மாக்ரித் தன் பாணியை அடியோடு மாற்றிக்கொண்டு பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் மாதிரி வண்ணம் தெறிக்க, வெயில் கொட்ட வரையத் தொடங்கினார். ஊரே பயத்தில் இருக்கும்போது இருண்ட படங்களால் என்ன பயன், மகிழ்ச்சியைத்தான் எதிராயுதமாக எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். போர் முடிந்து 1946ல் 'வெயிலடிக்கும் சர்ரியலிசம்' என்று ஒரு அறிக்கையும் கொண்டுவந்தார். பாரிஸில் இயக்கத்தின் தலைவர்போல் இருந்த ஆந்த்ரே ப்ரெதோன் அதைத் தள்ளிவிட்டார். 1948ல் மாக்ரித் இன்னும் ஒரு படி போய், வேண்டுமென்றே கொச்சையாக, அடாவடி வண்ணங்களில் ஒரு தொகுதியைச் சில வாரங்களில் வரைந்து பாரிஸில் காட்சிக்கு வைத்தார். ஒன்றுகூட விற்கவில்லை. மனைவி ஜார்ஜெத்துக்கும் பழைய பாணிதான் பிடித்திருந்தது. சரி என்று பழைய அமைதியான, விளம்பரப் பலகைபோல் தெளிவான தன் பாணிக்கே திரும்பினார். அடுத்த வருடம் பிறந்தது 'ஒளியின் பேரரசு'.

இவ்வளவு வருடம் கித்தான் முழுவதும் வெயிலைக் கொட்டிப் பார்த்தவர், இப்போது அதை மேல்பாதிக்குள் அடைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். வெயில் மட்டும் நிறைந்த படங்களை இன்றும் யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. அதே வெயிலை ஒரு தெருவிளக்குக்கு எதிரே நிறுத்தியபோதுதான் அதன் பலம் தெரிந்தது. 'விளம்பரப் பலகை' என்று நான் சொன்னது இகழ்ச்சிக்கு இல்லை. அவர் சுவர்க்காகித ஆலையில் வடிவங்கள் வரைந்திருக்கிறார். பிறகு தம்பி போலுடன் சேர்ந்து விளம்பரப் படங்கள் செய்யும் தொழிலும் நடத்தினார். தூரிகைத் தடம் தெரியாத, எவரும் உடனே படித்துவிடக்கூடிய படம் வரைவது அங்கே வந்த பழக்கம். இந்த ஓவியத்துக்கு அந்தச் சாதாரணத்தன்மை அவசியம். தூரிகை ஆட்டம் தெரிந்திருந்தால் 'ஓவியர் ஏதோ கற்பனை செய்கிறார்' என்று நாம் உஷாராகிவிடுவோம்.

மூலம் என்று சொல்லத்தக்க வேறு சில இழைகளும் உண்டு. பெல்ஜியத்தில் வேலைசெய்த வில்லியம் தெகூவ் த நுங்க் 1892ல் 'குருட்டு வீடு' அல்லது 'இளஞ்சிவப்பு வீடு' என்று ஒரு இரவுக்காட்சி வரைந்தார். மரங்களுக்கு நடுவே சன்னல் வெளிச்சத்தோடு ஒரு வீடு. இப்போது நெதர்லாந்தின் குரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாக்ரித்தின் கீழ்ப்பாதிக்கு அது அண்ணன் முறை. மேல்பாதிக்கு ப்ரெதோனைச் சொல்வார்கள்: 1923ல் வெளிவந்த அவர் கவிதை ஒன்று, இந்த ராத்திரியில் வெயில் அடித்தால் எப்படியிருக்கும் என்கிற ஏக்கத்தோடு தொடங்கும். தன்னைத் தள்ளிவைத்தவரின் கவிதை வரிக்கே மாக்ரித் படம் போட்டுக் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டால் நல்ல கதைதான்.

ஒரே படத்தை ஏன் இத்தனை முறை? பெரிய தத்துவம் தேட வேண்டியதில்லை, கேட்டவர்கள் அதிகம். 1949ல் வரைந்த முதல் எண்ணெய் ஓவியத்தை அமெரிக்கக் கோடீஸ்வரர் நெல்சன் ராக்கஃபெல்லர் வாங்கினார். 1950ல் வரைந்த இரண்டாவது, இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1954ல் வெனிஸ் பியனாலே என்ற கலைக் கண்காட்சியில் ஒரு பெரிய பதிப்பு, கிட்டத்தட்ட ஆள் உயரத்தைத் தாண்டும் 195 சென்டிமீட்டர், காட்சிக்கு வந்தபோது அது தனக்குத்தான் என்று பல பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கலைச் சேகரிப்பாளர் பெகி குகன்ஹைம் கைக்குப் போனது. இன்றும் வெனிஸில் அவர் வாழ்ந்த மாளிகையில்தான் இருக்கிறது. ஏமாந்தவர்களைச் சமாதானப்படுத்த மாக்ரித் மேலும் சில வரைந்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஓவியர் பிரதி எடுக்கிறார் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவரைப் பொறுத்தவரை முக்கியம் எண்ணம். கித்தான் அதைச் சுமக்கும் வண்டி. தவிர, ஒவ்வொன்றிலும் வீட்டின் தூரம், விளக்கின் இடம், மரத்தின் உயரம் என்று எதையாவது நகர்த்திப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பகலுக்கும் இரவுக்கும் பங்கு எவ்வளவு என்பது அதில் மாறிக்கொண்டே வரும்.

சந்தை அதை வேறு விதமாக எடைபோட்டது. நண்பரின் மகளுக்காக 1961ல் வரைந்த ஒன்று 2022ல் லண்டனில் சுமார் 8 கோடி டாலருக்கு விற்றது. 2024 நவம்பரில் நியூயார்க்கில், வடிவமைப்பாளர் மீகா எர்டெகுன் சேகரிப்பிலிருந்த 1954ஆம் வருடப் பதிப்பு 12.1 கோடி டாலரைத் தொட்டது. நம் கணக்கில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். சர்ரியலிச ஓவியம் ஒன்றுக்கு ஏலத்தில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

இந்தப் படத்துக்கு அர்த்தம் சொல்ல வருபவர்கள் வழக்கமாக இரண்டு பாதைகளில் போவார்கள். பகல் நனவு மனம், இரவு ஆழ்மனம் என்பது ஒன்று. மாக்ரித்துக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, 1912ல், அவர் தாய் ஆற்றில் மூழ்கி இறந்ததை வைத்து, இருண்ட வீட்டைத் துக்க வீடாகப் படிப்பது இன்னொன்று. இரண்டும் எனக்குச் சப்பென்று இருக்கின்றன. ஓவியருக்கும் இந்த மாதிரி வாசிப்புகள் பிடிக்காது. தன் படங்களில் சின்னங்களைத் தேடுபவர்களைக் கண்டால் எரிச்சலடைவார். 1956ல் இந்த ஓவியத்தைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னது எளிமையானது: இரவு நிலக்காட்சி ஒன்று, பகலில் தெரியும் வானம் ஒன்று, இரண்டையும் சேர்த்து நினைத்தேன்; இப்படி இரவையும் பகலையும் ஒன்றாக வரவழைப்பதற்கு நம்மை வியக்கவைக்கும், மகிழவைக்கும் ஆற்றல் இருக்கிறது; அந்த ஆற்றலைக் கவிதை என்கிறேன். பத்து வருடம் கழித்து இன்னும் கறாராகப் பேசினார். பகலும் இரவும் ஒரே சமயத்தில் இருப்பது உண்மைதான், உலகத்தில் எங்கோ பகல் என்றால் எங்கோ இரவு. ஆனால் அந்த யோசனையில் கவிதை இல்லை, கண்ணுக்குத் தெரியும் அந்தப் படத்தில்தான் இருக்கிறது என்றார். 'மகிழவைக்கும்' என்று அவர் சொன்னதை நாம் அவ்வளவாகக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பயமுறுத்த வரைந்த படம் என்றே பலரும் நினைக்கிறார்கள்.

அதற்கு ஒரு சினிமாவும் காரணம். 1973ல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில், பாதிரியார் இருட்டில் தெருவிளக்கின் கீழ் வந்து நிற்க, மாடிச் சன்னலிலிருந்து வெளிச்சம் பாயும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும், சுவரொட்டியும் அதுதான். இந்த ஓவியத்திலிருந்து எடுத்தேன் என்று இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது கீழ்ப்பாதியை மட்டும். வீடு, விளக்கு, சன்னல் எல்லாம் வந்தன, நீலவானம் வரவில்லை. வானம் போனதும் அது திகில் காட்சியாகிவிட்டது. மாக்ரித்தின் இருட்டு அந்த அளவுக்கு மிரட்டாததற்கு மேலேயிருக்கும் பகல்தான் காரணம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தலைகீழாகச் செய்தால் என்ன, வெயிலில் குளிக்கும் நிலம், மேலே இரவு வானம்? மாக்ரித்துக்கும் இந்த எண்ணம் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட காட்சியை என்னால் யோசிக்க முடிகிறது, ஆனால் அதைக் கண்ணால் கண்டு சாயத்தில் கொண்டுவர ஒரு கடவுளால்தான் முடியும், நான் கடவுளாகும்வரை அந்தத் திட்டத்தை ஒத்திவைக்கிறேன் என்று கிண்டலாகச் சொன்னார். ஏன் முடியவில்லை என்பது யோசிக்க வேண்டியது. இருண்ட வானத்துக்குக் கீழே பளிச்சென்ற நிலத்தைக் காட்டினால், நாம் உடனே எங்கோ மின்விளக்கு இருப்பதாக முடிவு செய்துவிடுவோம். இரவு ஆட்டத்துக்கு வெளிச்சம் போட்ட மைதானம் மாதிரி. சூரிய ஒளி என்று நம்பவைக்க முடியாது. இரண்டு பக்கமும் பொருந்தும் அந்த மரநிழல் போன்ற கீல் அந்தப் பக்கத்தில் கிடைப்பதில்லை. அவர் இறந்து இரண்டு வருடத்தில், 1969 ஜூலையில், அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலாவில் எடுத்த புகைப்படங்கள் வந்தன: சூரிய வெளிச்சத்தில் பளிச்சிடும் தரை, அதற்கு மேலே கன்னங்கரிய வானம். காற்றுமண்டலம் இல்லாத இடத்தில் அதுதான் சாதாரணப் பகல்.

இந்த ஓவியத்தை நம்மில் பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்க்கப்போகிறோம், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. திரை தானே ஒளி வீசுவது. வானம் நிஜமாகவே ஒளிரும், விளக்கும் நிஜமாகவே எரியும், கீழே உள்ள நிழல்கள் சில திரைகளில் ஒரேயடியாகக் கருப்பாகிவிடும். கித்தானில் அவ்வளவு கருப்பு இல்லை; சன்னல் கதவுகள், மரங்களின் திரள், சுவரின் ஓரங்கள் எல்லாம் கரும்பச்சையிலும் பழுப்பிலும் மெல்லப் பிரிந்து நிற்கின்றன. திரையின் பிரகாசத்தைக் குறைத்து, படத்தைப் பெரிதாக்கி, முதலில் வீட்டுச் சுவரைப் பார்ப்பது நல்லது. வானம் எங்கேயும் போய்விடாது. ஐரோப்பா போக வாய்ப்புள்ளவர்களுக்கு வெனிஸில் பெகி குகன்ஹைமின் பதிப்பும், பிரஸ்ஸல்ஸில் 2009ல் திறந்த மாக்ரித் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பிரஸ்ஸல்ஸுக்குப் போனால் ஜெத் பகுதியில் அவர் 1930லிருந்து 1954வரை குடியிருந்த எஸ்ஸகெம் தெரு வீட்டையும் பார்க்கலாம். அதுவும் இப்போது அருங்காட்சியகம்தான். மிகச் சாதாரணமான நடுத்தரக் குடும்பத்து வீடு. இந்த வரிசையின் முதல் படங்களை அங்கே குடியிருந்த காலத்தில்தான் வரைந்தார்.